அலுகலவிட்டவுக்குப் போன மாணவர்

என் தங்கையின் மகள் ஜப்பானுக்குப் படிக்கப் போகிறாள் என்ற செய்தி வந்தபோது, பொறியியலாகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அவளுக்குக் கிடைத்திருந்தது வேறு. ஜப்பானியரின் சமயங்களும் சமயங்களுக்கிடையிலான உரையாடலும்! இதைப் படித்து என்ன தொழில் செய்வது என்று மச்சான் கேட்டார். தொழுகைக்கு அங்கே வசதி இருக்கிறதா என்று உம்மா கேட்டார். அவள் போகவிருந்த நகோயா நகரத்தில் கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் நான்சான் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதனோடு சேர்ந்த சமய, பண்பாட்டு ஆய்வகம் 1970களிலிருந்து பௌத்தர்க்கும் கிறிஸ்தவர்க்கும் இடையிலான உரையாடலையே தன் பணியாகக் கொண்டிருக்கிறது. இதையெல்லாம் விளக்கிவிட்டு அவள் என்னிடம் கேட்டாள்: "மாமா, எங்கட ஊருல இப்பிடி யாராச்சும் படிச்சிருக்காங்களா?"

பதுளையில் பிறந்து, பதுளையிலேயே ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் அது பிழையான பதில் என்று உறைத்தது. ஊவாவில் ஒருவர் படித்தார். படித்த இடத்திலேயே சுடப்பட்டும் இறந்தார். அவர் முஸ்லிம் அல்லர் என்பதால் என் மனம் அவரை 'எங்கட ஊர்' கணக்கில் சேர்க்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கணக்குத்தான்.

ஜப்பானுக்கும் நமக்கும் இடையில் இந்தப் படிப்புப் பயணம் முதலில் நடந்தது எதிர்த்திசையில். 1886இல் ஷாகு கோசென் என்ற ஜப்பானியத் துறவி பாளி படிக்க இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஷாகு சோயென் வந்தார். காலி நகரத்துப் பிக்குமாரிடம் மாணவராக இருந்துவிட்டுப் போன சோயென், 1893இல் சிக்காகோ சர்வமத மாநாட்டில் அநகாரிக தர்மபாலவைப் போலவே தானும் ஒரு பேச்சாளராக நின்றார். ஸென் என்ற சொல்லை மேற்குலகில் பரப்பிய சுசுகி இந்த சோயெனின் சீடர்தான். ஆனால் காலி, ஊவாவிலிருந்து வெகுதூரம். மலை நாட்டுக்குத் திரும்புவோம்.

1972 டிசம்பரில் பதுளை மறைமாவட்டம் புதிதாக உருவாக்கப்பட்டது. கண்டியில் 1959 முதல் ஆயராக இருந்த லியோ நாணாயக்கார, அந்தப் பழைய, வசதியான ஆசனத்தை விட்டுவிட்டுப் பதுளைக்கு வந்தார். வந்த காலம் பொல்லாத காலம். 1971 கிளர்ச்சியில் மாண்ட கிராமத்து இளைஞர்களின் வீடுகளில் இன்னும் அழுகை ஓயவில்லை. தோட்டங்களிலோ 1973, 1974 பஞ்சம். லயத்துக் குழந்தைகள் பசியால் செத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போகிறவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு பதுளைப் புகையிரத நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். நம்மவர்களின் கடைகளில் அவர்களின் கடன் கொப்பிகள் இருந்தன. சில முதலாளிமார் கணக்கைக் கிழித்துப் போட்டார்கள். சிலர் புகையிரத நிலையம் வரைக்கும் போய் வசூலித்தார்கள். இரண்டும் நடந்தது.

ஆயர் லியோ பண்டாரவளையில் 'சேவக செவண' என்றொரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். சிங்களத்தில் செவண என்றால் நிழல். குருவாக வர விரும்புகிறவர்கள் உயர்ந்த மதில்களுக்குள் இருந்து இலத்தீன் படிப்பதற்குப் பதிலாகக் கிராமத்தையும் தோட்டத்தையும் படிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள் பற்றியெல்லாம் மரியாதையோடு பேசிய அறிக்கை அது. உலகின் பல இடங்களில் அது காகிதத்தோடு நின்றது. இலங்கையில் சிலர் அதை உண்மையென்று நம்பிவிட்டார்கள். மெதடிஸ்த போதகர் லின் டி சில்வா கொழும்பில் பௌத்த ஆய்வுக்கென ஒரு நிலையத்தை வளர்த்தார். இயேசு சபையின் அலோசியஸ் பீரிஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பௌத்த மெய்யியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்படி நம்பியவர்களில் மூன்றாமவர்தான் பண்டாரவளைக்கு வந்து சேர்ந்த அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ.

1927இல் தெஹிவளையில் பிறந்தவர். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். அம்பிட்டிய குருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்தவர். உரோமாபுரியில் ஒரு கலாநிதிப் பட்டம், பாரிஸில் இன்னொன்று. பாரிஸில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், 'நான்' என்பதிலிருந்து 'நான் இல்லை' என்பதற்குக் கடந்து போகும் ஒழுக்கப் பாதை, கிறிஸ்தவத்திலும் இலங்கையின் மற்றச் சமயங்களிலும் எப்படி அமைகிறது என்பது. பௌத்தர்கள் அனத்தா என்பதையும் நம் சூபிகள் பனா என்பதையும் அறிந்தவர்கள் இந்தத் தலைப்பைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் அப்படித்தான் உட்கார்ந்தேன், அவர் இறந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு.

இரண்டு கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் அடுத்துச் செய்ய வேண்டியது பேராசிரியர் நாற்காலியில் அமர்வது. 1980இல், ஐம்பத்துமூன்று வயதில், அவர் புத்தலவுக்குப் போனார். (வட மேற்கிலுள்ள நம்மவர்களின் புத்தளம் அல்ல, இது மொனராகலை மாவட்டத்துப் புத்தல. கடிதங்கள் மாறிப் போவதுண்டு.) பதுளையிலிருந்து எல்ல, வெல்லவாய வழியாக இறங்கினால் தேயிலை ஓரிடத்தில் சட்டென்று முடிந்துவிடும். குளிர் கழன்று வெக்கை ஏறும். பிறகு சேனைக் காடுகள், வற்றிய ஓடைகள். புத்தலவுக்கு அருகில் அலுகலவிட்ட என்ற கிராமத்தில், இரண்டு அருட்சகோதரிகளோடு, 'சுப செத் கெதர' என்று பெயரிட்ட ஒரு எளிய வீட்டில் அவர் குடியேறினார். நல்வாழ்த்து இல்லம் என்று தமிழில் சொல்லலாம். சுற்றிலும் முழுக்கச் சிங்கள பௌத்தர்கள். மனம் மாற்ற வந்தவர் என்றுதான் முதலில் ஊர் நினைத்தது. அந்தச் சந்தேகத்தில் ஊரின் குற்றம் எதுவுமில்லை. நானூறு வருடக் குடியேற்ற ஆட்சியின் நினைவு அது. போர்த்துக்கேயரிடம் கரையோரத்தில் அடிபட்ட நமக்கு அதை விளங்கிக்கொள்வது கடினமல்ல.

அவர் செய்த வேலைகளைச் சொன்னால் பெரிதாக ஒன்றுமில்லை போலிருக்கும். விகாரைகளுக்குப் போனார், பிக்குமாரோடு உட்கார்ந்து பேசினார், மூலிகை வைத்தியத்தையும் இரசாயனமில்லாத விவசாயத்தையும் ஊக்குவித்தார், இளைஞர்களோடு நடந்தார். கிராமத்தவரின் சமயத்தை அவர்களின் வயிற்றிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை என்பதே முக்கியம். அந்த ஆண்டுகளில்தான் அப்பகுதியில் கரும்புப் பெருந்தோட்டம் வந்தது. சேனைப் பயிர் செய்தவர்கள் கரும்புக்குக் கூலிகளானார்கள். மேலே மலையில் கோப்பியும் தேயிலையும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கி வைத்த அதே கதை, கீழே சமவெளியில் சிங்கள விவசாயிக்கு நடந்தது. அதை அவர் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார், பேசினார். உரையாடல் என்றால் மண்டபத்தில் குத்துவிளக்கேற்றி, நான்கு மதகுருமாரும் வரிசையாக உட்கார்ந்து, சிற்றுண்டியோடு கலைந்து போவது என்று பழகிய நமக்கு இது வேறு வகை. அந்த மாதிரி மேடைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்திலிருந்த தேரர் என்ன பேசினார் என்று கேட்டால் இன்று எனக்கு ஒரு வரி நினைவில்லை. பற்றிஸ் நன்றாக இருந்தது.

1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, நாடே வடக்கிலும் தெற்கிலும் எரிந்துகொண்டிருந்த நேரம், அந்தச் சிறு வீட்டில் பூசை ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர் யாரென்பது எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. வறியவர் பக்கம் நிற்பவனை அரசாங்கத் தரப்பும் சந்தேகிக்கும், ஆயுதம் தூக்கியவனும் சந்தேகிக்கும் காலம் அது. அவருக்கு அப்போது அறுபது வயது.

அந்த நவம்பரில் நான் பதுளையில் இளம் ஆசிரியன். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பத்திரிகையில் பார்த்தேன். 'பாதிரியார் ஒருவர் கொலை.' பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அந்த நாட்களில் அப்படித் திருப்பிய பக்கங்கள் ஏராளம் என்று இப்போது நியாயம் சொல்லலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. அது நம்முடைய காரியமல்ல, பௌத்தர்க்கும் கிறிஸ்தவர்க்கும் இடையிலான ஏதோ ஒரு விவகாரம் என்ற எண்ணமே மேலோங்கி நின்றது.

ஊவாவில் நாம் அந்நியர் அல்லர். கண்டி இராச்சியத்தில் தவள மாடுகளில் பாக்கும் உப்பும் ஏற்றிக் கணவாய்களைக் கடந்தவர்கள் நம் மூதாதையர். மடிகே என்ற போக்குவரத்துப் பகுதியில் அரசனுக்குச் சேவை செய்து, அதற்கு ஈடாகக் காணி பெற்று, சிங்களக் கிராமங்களுக்கிடையில் குடியிருந்தவர்கள். மஹியங்கனைக்கு அருகே பங்கரகம்மனவில் ஒரு வாய்மொழிக் கதை உண்டு. போர்த்துக்கேயருக்குத் தப்பி ஓடிவந்த கண்டி மன்னன் மரப்பொந்தில் ஒளிந்திருந்ததை ஒரு முஸ்லிம் பெண் கண்டாள். காட்டிக்கொடுக்க மறுத்ததால் வெட்டப்பட்டு இறந்தாள். இக்கதையை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். அதிகம் சொல்லாத கதை இன்னொன்று இருக்கிறது. 1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவின் சோனகர்களுக்கென்று ஹாஜி மரிக்கார் என்பவரைத் தனி முகாந்திரமாக நியமித்தார்கள். அதுவரை எல்லோருக்கும் பொதுவாயிருந்த திசாவையின் அதிகாரம் அதனால் குறைந்தது. ஹாஜி பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கப் போன பதுளை உதவி முகவர் வில்சன் ஒக்டோபரில் அம்புபட்டு இறந்தார். மாபெரும் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சிக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல நான் வரவில்லை. மதகுருமார், பிரதானிகள் என்று எல்லோர் மனத்திலும் புகைச்சல் இருந்தது. ஆனால் பொறி விழுந்த இடம் இது. பக்கத்து ஊரவனோடு கூட்டாக இருந்த ஒரு சமூகத்தை அந்நியன் ஒரு பதவி கொடுத்துத் தனியாகப் பிரித்தெடுத்த இடம்.

முதற்கதையை மேடையிலும் இரண்டாவதை மௌனத்திலும் வைத்திருக்கிறோம். கிளர்ச்சிக் கதையைத் தங்கள் பாடப்புத்தகத்தில் படித்த சிங்கள நண்பர்களுக்கு ஹாஜியின் பெயர் தெரியும். நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருவரைப் பற்றி மற்றவர் வைத்திருக்கும் நினைவு என்ன என்று கேட்காமலேயே இருநூறு வருடம் அடுத்தடுத்த கடைகளில் வியாபாரம் செய்திருக்கிறோம். சேர்ந்து வாழ்ந்தோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். வாழ்ந்ததென்னவோ உண்மை. படித்தோமா என்று என் மருமகள் கேட்டபோதுதான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

பிறரின் சமயத்தைப் படிப்பது நமக்கு விலக்கப்பட்டதும் அல்ல. அல்-பீரூனி சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களிடம் கேட்டுக் கேட்டு, ஏறத்தாழ 1030இல் இந்தியரின் சமயத்தையும் அறிவியலையும் பற்றி எழுதினார். அவர்கள் நம்புவதை அவர்கள் வாய்மொழியாகவே தருவது, இடையில் புகுந்து மறுக்காமல் இருப்பது என்ற ஒழுங்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வகுத்துக்கொண்டவர் அவர். 1153இல் மறைந்த ஷஹ்ரஸ்தானி, சமயங்களையும் பிரிவுகளையும் பற்றிய தம் நூலில் புத்தரைப் பற்றியும் எழுதினார். பௌத்தர்கள் சொல்வது சரியென்றால், புத்தருக்கு ஒப்பாக முஸ்லிம்கள் அறிந்தவர் ஹிள்ர் (அலை) அவர்கள்தாம் என்கிறார்.

இந்த இடத்தை முதன்முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்தேன். ஹிள்ர் (அலை) என்றதும் ஊவாக்காரனுக்கு நினைவு வருவது கதிர்காமம். புத்தலவிலிருந்து காட்டு வழியே தெற்கே போனால் கதிர்காமம். அதுவும் ஊவாதான். முருகனைத் தேடித் தமிழரும், கதிர்காமத் தெய்யோவுக்கும் கிரி விகாரைக்கும் சிங்களவரும் வரும் அந்தப் புனித வளவிலேயே நம் பள்ளிவாசல் இருக்கிறது. ஹிள்ர் (அலை) அங்கு வந்ததாக நம் முன்னோர் நம்பினார்கள். எசல உற்சவத்தின்போது அங்கும் கொடியேறும், ரிபாய் ராதிப் நடக்கும். இதில் மார்க்கத்துக்கு உடன்பாடானது எது, உடன்பாடில்லாதது எது என்று நம்மவர்கள் ஐம்பது வருடமாகச் சண்டை பிடித்தாயிற்று. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. கஹ்பு அத்தியாயத்தில் ஹிள்ருடைய நிகழ்ச்சி எப்படித் தொடங்குகிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். தவ்றாத் அருளப்பட்ட நபி, மூஸா (அலை), தமக்குக் கற்பிக்கப்படாத ஒன்றைக் கற்க நெடுந்தூரம் நடக்கிறார். மாணவனாகச் சேர்த்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்கிறார். பொறுமை போதாமல் மும்முறை இடைமறித்துக் கேள்வி கேட்டு, அந்தப் படிப்பை முடிக்க முடியாமல் பிரிகிறார். கந்தூரிக்குக் கதிர்காமம் போனவர்களும், போகக்கூடாது என்றவர்களும் இந்த மாணவரை மறந்துவிட்டார்கள்.

நம்முடைய இன்னொரு மறதி மொழி சார்ந்தது. பௌத்தம் என்றால் சிங்களவருடையது என்று நினைத்துப் பழகிவிட்டோம். நம் வீட்டு மொழியில் ஒரு பௌத்த காப்பியமே இருக்கிறது. வஞ்சி நகரத்தில் ஆண் துறவி வேடத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உன் கொள்கை என்னவென்று கேட்கும் காதையை நான் உயர்தர வகுப்பில் பல வருடம் கற்பித்தவன். வைதிகரிடம் கேட்கிறாள், சைவரிடம் கேட்கிறாள், ஆசீவகரிடமும் நிகண்டரிடமும் கேட்கிறாள், பூதவாதியின் பேச்சைக் கேட்டுச் சிரித்தும் விடுகிறாள். இறுதியில் அவள் தன் வழியிலேயே நிற்கிறாள். ஆனால் எல்லாரையும் கேட்டுவிட்டு நிற்கிறாள். பரீட்சைக்கு வரும் வினாக்களுக்காக இதைச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, வகுப்பறை யன்னலுக்கு வெளியே தெரியும் விகாரையோடு அதை ஒருபோதும் தொடர்புபடுத்திப் பார்க்கவில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த வாரங்களை இங்கே விரிக்க வேண்டியதில்லை. வாசகர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் அதை அனுபவித்தவர்கள். என்னோடு முப்பது வருடம் ஒரே ஆசிரியர் அறையில் தேநீர் குடித்த ஒரு சிங்கள நண்பர் அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தார். பகையோடு வரவில்லை. குழம்பிப்போய் வந்தார். "உங்கள் புத்தகம் இதற்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டார். ஒரு உயிரைக் கொல்வது பற்றிய வசனத்தைச் சொன்னேன். இன்னும் இரண்டு மூன்று சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் எதுவும் அவரிடம் போய்ச் சேரவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அவருடைய மனம் எந்தச் சொற்களால் கொலையையும் கருணையையும் நினைக்கிறது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. நான் பேசியது சிங்களம்தான். ஆனாலும் மொழிபெயர்ப்பாளன் இல்லாத ஒரு பேச்சு அது. அலுகலவிட்டவில் ஏழு வருடம் இருந்தவர் எதைக் கற்கப் போனார் என்பது அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. 1983 ஜூலையில் இதே பதுளை நகரம் எரிந்தபோதும், 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டபோதும் பிடிபட்டிருக்க வேண்டியது.

மருமகள் நகோயா போய்ச் சேர்ந்து ஒரு மாதத்தில் தொலைபேசியில் அழைத்தாள். இஸுட்ஸு என்ற ஜப்பானிய அறிஞரின் நூல்களைத் தேடி எடுத்திருந்தாள். 1950களின் இறுதியில் திருக்குர்ஆனை அரபியிலிருந்து நேரடியாக ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர் அவர். பிறகு இப்னு அரபியையும் சீனத்துத் தாவோ ஞானிகளையும் ஒப்பிட்டுப் பெருநூல் எழுதியவர். அதைப் பற்றி உற்சாகமாகப் பேசிவிட்டு, முதல் ஒப்படைக்கு என் உதவி வேண்டுமென்றாள். சொந்த ஊரில் அயலவர் வழிபடும் முறையை, நூல்களைப் பார்க்காமல், நேரில் கேட்டு எழுத வேண்டுமாம். "மாமா, போயாவுக்கு முதியங்கனையில பூ வைக்கிறாங்களே, அப்ப என்ன சொல்லுவாங்க?"

புத்தர் மூன்றாம் முறை இலங்கைக்கு வந்தபோது எழுந்தருளியதாகப் பௌத்தர்கள் நம்பும் இடம் முதியங்கனை விகாரை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நான் உள்ளே போனதில்லை. அந்தப் பழைய நண்பருக்கு அழைப்பு எடுத்தேன். அடுத்த போயா தினத்தில் அவர் என்னைக் கூட்டிப்போனார். செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு மணலில் நடந்தோம். தட்டில் அடுக்கிய பூக்களைப் படைக்கும்போது பாளியில் சொல்வதை அவர் மெல்லச் சிங்களத்தில் விளக்கினார். இந்தப் பூ வாடுவதுபோல இந்த உடலும் வாடிப்போகும் என்ற நினைவூட்டல்தான் அது, வேண்டுதல் எதுவுமில்லை என்றார். ஜனாஸாத் தொழுகையில் நாங்கள் நினைப்பதும் ஏறக்குறைய இதுதான் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படியானால் உங்கள் பள்ளிக்குள் என்ன இருக்கிறது, காட்டுவீர்களா என்று கேட்டார்.

ழுஹர் முடிந்து ஆட்கள் கலைந்த பின் அவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போனேன். மிஹ்ராபின் முன்னால் வெகுநேரம் நின்றார். சிலை எதுவும் இல்லாத அந்த வெற்றிடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். ஒழு எடுக்கும் இடத்துக்கு வந்ததும் அவரும் என்னைப் போலவே குந்தியிருந்து, எத்தனை முறை, எந்தக் கை முதலில் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். காதுக்கு ஏன் தனியாக என்று கேட்டார். அதற்கான பதில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. உள்ளே போய் இமாமைக் கூட்டிவந்தேன்.